ஸ்வீடன்ல பிப்ரவரி 30 வந்துச்சாமே, உண்மையா?

மதுரைக்காரன்:
ஆபீஸ்ல ஒரு ஃபார்ம்ல யாரோ பிறந்த தேதி பிப்ரவரி 30னு எழுதியிருந்தாங்க, நாங்கல்லாம் சிரிச்சுட்டு இருந்தோம், பக்கத்து சீட் அண்ணன் "சிரிக்காதீங்கடா, ஸ்வீடன்ல ஒரு வருஷம் அப்படி ஒரு நாளே இருந்துச்சு"ங்கறாரு. வாட்ஸ்அப் கதையா இல்ல நிஜமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தேதிப்பித்தன்:
அண்ணன் சொன்னது நிஜம்தான் ப்ரோ. 1712, பிப்ரவரி 30. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

அப்ப ஸ்வீடன்ல பழைய ஜூலியன் காலண்டர். இப்ப நாம எல்லாரும் பாக்கற கிரிகோரியன் காலண்டருக்கு மாறணும்னா 11 நாள தூக்கணும். டென்மார்க் 1700-ல ஒரே அடியா தூக்கிடுச்சு, பிப்ரவரி 18-க்கு மறுநாள் மார்ச் 1. ஸ்வீடன் என்ன பண்ணுச்சுன்னா, எதுக்கு ஜனங்களப் போட்டு குழப்பணும், 1700-ல இருந்து 1740 வரைக்கும் வர்ற 11 லீப் நாளையும் விட்டுட்டா தானா சரியாயிடும்னு ப்ளான் போட்டுச்சு. 1700-ல பிப்ரவரி 29-ஐ விட்டாச்சு. அதே வருஷம் ரஷ்யா, டென்மார்க், போலந்துன்னு பெரிய போர் ஆரம்பிச்சிடுச்சா, 1704-லயும் 1708-லயும் லீப் நாள் பாட்டுக்கு வந்துட்டுப் போயிடுச்சு!

இப்ப ஸ்வீடன், பழைய ஜூலியன்லயே இருந்த ரஷ்யாவுக்கு ஒரு நாள் முன்னாடி, டென்மார்க்குக்கு பத்து நாள் பின்னாடி. உலகத்துல வேற எந்த நாட்டோடயும் ஒத்துப்போகாத காலண்டர். கடைசில ராஜா பன்னிரண்டாம் சார்லஸ், போதும்பா பழசுக்கே போவோம்னுட்டார். பழசுக்குப் போகணும்னா விட்ட ஒரு நாளத் திருப்பிக் குடுக்கணுமே, 1712 ஏற்கெனவே லீப் வருஷம், 29 இருக்கு, அதுக்கு மேல ஒண்ணு போட்டா 30.

பழையபேப்பர்:
இதுல போர்க்களத்துல நடந்த கூத்து தனி. 1709 போல்தாவா சண்டைல ஸ்வீடன் ரஷ்யாகிட்ட தோத்துச்சுல்ல, அந்த ஒரே நாள் ரஷ்யாக்காரனுக்கு ஜூன் 27, ஸ்வீடன்காரனுக்கு ஜூன் 28, கிரிகோரியன்ல ஜூலை 8. அந்தக் காலத்து லெட்டர் எதையாவது படிச்சா எந்தக் காலண்டர்னு முதல்ல பாக்கணும், இல்லன்னா படை வந்து சேர்றதுக்கு முன்னாடியே சண்டை முடிஞ்ச மாதிரி இருக்கும்.

நட்சத்திரா:
அய்யோ அன்னிக்குப் பொறந்த குழந்தைங்க பாவம்! 29-ல பொறந்தா நாலு வருஷத்துக்கு ஒருதடவையாவது தேதி வரும், இதுங்களுக்கு ஆயுசுக்கும் வராதே. அப்புறம் ஒரு டவுட், சோவியத் ரஷ்யாலயும் 1930, 1931-ல பிப்ரவரி 30 இருந்துச்சுன்னு படிச்சேனே?

தேதிப்பித்தன்:
அது தப்பு சிஸ்டர். அங்க வாரத்தத்தான் அஞ்சு நாளா மாத்தினாங்க, மாசத்துல கை வைக்கல, அந்தக் காலத்து பிராவ்தா பேப்பர்லயே வழக்கமான தேதிதான் இருக்கும்.

மதுரைக்காரன்:
சூப்பர் ப்ரோ, அண்ணன்கிட்ட இன்னிக்கே சொல்லிடறேன். சரி, ஸ்வீடன் அப்புறம் எப்பதான் மாறுச்சு?

தேதிப்பித்தன்:
1753-ல. எந்த ஒரே அடி வேணாம்னு பயந்தாங்களோ அதையேதான் பண்ணாங்க, பிப்ரவரி 17-க்கு மறுநாள் மார்ச் 1. 1712-ல 30 நாள் ஓடின பிப்ரவரி, 41 வருஷம் கழிச்சு 17 நாள்ல முடிஞ்சுபோச்சு.