பாட்டியின் நீண்ட வாழ்வை நினைவு மலரில் எப்படி எழுதுவது?

கேள்வி (மூத்தபேத்தி):
எங்கள் பாட்டி தொண்ணூற்று நான்கு வயது வரை வாழ்ந்து அண்மையில் காலமானார். விடியலில் வழிபாட்டை முடிக்காமல் அவர் வேறெந்த வேலையிலும் கை வைத்ததில்லை. பக்திப் பாடல்களை எழுதி, தாமே மெட்டமைத்துப் பாடினார். பேரன் பேத்திகள் ஒவ்வொருவருக்கும் துணியில் பூத்தையல் போட்டுக் கொடுத்தார். அவருக்காக ஒரு நினைவு மலர் கொண்டுவர விரும்பி உறவினர்களிடம் கட்டுரை கேட்டோம். வந்தவையெல்லாம் ‘அன்பின் உருவம்’, ‘பக்தியின் சிகரம்’ என்ற அளவிலேயே நின்றுவிட்டன. பெயரை மாற்றிவிட்டால் எந்தப் பாட்டிக்கும் அவை பொருந்தும். அவரைப் பார்த்தேயிராத கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்கு இவர்தான் நம் பாட்டி என்று தெரிய வேண்டும் என்பதே என் ஆசை. பென்சிலில் எழுதிய பாட்டு நோட்டுகளும், அவர் பாடிய கேசட்டுகளும், தையல் துணிகளும் எங்களிடம் இருக்கின்றன. கடவுள் நம்பிக்கை இல்லாத சில உறவினர்கள், பக்தியைக் குறைத்துக் கலையை முன்னிறுத்தலாம் என்கிறார்கள். அது சரியாக இருக்குமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1 (பழைய ஏடு):
பக்தியையும் கலையையும் பிரித்து எழுதாதீர்கள். அவருக்கு அவை இரண்டாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை. 19ஆம் நூற்றாண்டு வங்கத்தில் வாழ்ந்த ராஸ்சுந்தரி தேவி, பெண்கள் படிப்பதே தவறு என்று கருதப்பட்ட வீட்டில், ஒரு பக்தி நூலைத் தாமே படித்துவிட வேண்டும் என்ற ஏக்கத்தால், அந்நூலின் ஏடு ஒன்றைச் சமையலறையில் ஒளித்துவைத்து, மகன் எழுதிப் பழகிய ஓலையோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே எழுத்தறிந்தார். பின்னாளில் தம் வரலாற்றையே எழுதினார். அந்தப் பக்தியை நீக்கிவிட்டால் அவர் ஏன் படிக்கத் துணிந்தார் என்பதே விளங்காமல் போய்விடும். நம்பிக்கை இல்லாதவர்களும் தங்கள் நிலையிலிருந்து நேர்மையாக எழுதட்டும். தாம் வழிபடாதபோதும் பாட்டி தம்மிடம் எப்படி நடந்துகொண்டார் என்று அவர்களால் மட்டுமே சொல்ல முடியும்.

உறவினர்களிடம் ‘பாட்டியைப் பற்றி எழுதுங்கள்’ என்று கேட்டால் புகழுரைதான் வரும். ஒரு துணியையோ புகைப்படத்தையோ கையில் கொடுத்து, இது எப்போது தைத்தது, அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள், எதற்காகக் கோபித்துக்கொள்வார் என்று கேளுங்கள். பேசுவதைப் பதிவு செய்து, பேசியபடியே எழுதுங்கள். அவருடைய உடன்பிறந்தோர் எவரேனும் இருந்தால் முதலில் அவர்களிடம் செல்லுங்கள். முதியவர்களுக்கு இளமைக்கால நினைவுகள்தாம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஒரே நிகழ்ச்சியை அத்தை ஒருவிதமாகவும் சித்தப்பா வேறுவிதமாகவும் சொன்னால் இரண்டையும் அச்சிடுங்கள்.

பதில் 2 (நூலிழை):
எழுதுவதற்கு முன் காப்பாற்ற வேண்டியவை இருக்கின்றன. கேசட்டை ஓட விடுவதற்கு முன்பு, அதன் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிடுங்கள்; அப்போதுதான் தவறுதலாக அதன்மேல் வேறு எதுவும் பதிவாகாது. பிறகு நல்ல நிலையில் உள்ள பிளேயரில் ஓட்டி, கணினியில் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள். அளவில் சுருக்கிய எம்பி3 பிரதியை உறவினர்களுக்கு அனுப்பலாம், ஆனால் அதையே மூலமாக வைத்துக்கொள்ளக் கூடாது. பாட்டுக்கு நடுவே அவர் இருமுவதையும், யாரையோ அதட்டுவதையும் வெட்டிவிடாதீர்கள்.

நோட்டுகளை லேமினேஷன் செய்யவோ, கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவோ வேண்டாம். டேப்பின் பசை காலப்போக்கில் பழுப்பேறித் தாளைக் கெடுத்துவிடும். கறுப்பு வெள்ளையில் பென்சில் கோடுகள் மங்கிவிடும் என்பதால், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். பூத்தையல் துணிகளை மடிப்பதைவிட அமிலமற்ற தாள் சுற்றிய குழலில் சுருட்டி வைப்பது நல்லது. துவைத்தால் நூலின் சாயம் ஓடக்கூடும்.

பதில் 3 (மாலைவெயில்):
முதுமையை இரண்டே வரியில் கடந்துவிடாதீர்கள். 1860இல் பிறந்து 1961இல் மறைந்த அமெரிக்க ஓவியர் ‘கிராண்ட்மா மோசஸ்’ முதலில் நூலால் படங்கள் தைத்தவர். மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல் போன பிறகு, எழுபதுகளின் பிற்பகுதியில்தான் முழுமூச்சாக ஓவியத்தில் இறங்கினார். உங்கள் பாட்டிக்குக் கண் மங்கிய பிறகு தையல் என்னவாயிற்று, குரல் தளர்ந்த பிறகு பாட்டு என்னவாயிற்று என்று விசாரியுங்கள். எனக்கு அதுதான் மலரின் முக்கியமான பகுதியாகத் தோன்றுகிறது.

மூத்தபேத்தி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நோட்டுகளை மீண்டும் புரட்டினேன். பல பாடல்களின் ஓரத்தில் ‘மூத்தவனுக்குக் காய்ச்சல் விட்ட நாள்’, ‘சின்னவள் தேர்வு எழுதப் போயிருக்கிறாள்’ என்று பொடி எழுத்தில் குறித்திருக்கிறார். பாடல்களை அந்தக் குறிப்புகளோடு கால வரிசையில் அச்சிட்டு, குறிப்பில் வருகிறவரையே அந்தந்தப் பாடலுக்குப் பக்கத்தில் எழுதச் சொல்லப் போகிறேன். நம்பிக்கை இல்லாத சித்தப்பாவின் பெயரில்தான் பாடல்கள் அதிகம். அவர் எழுத ஒப்புக்கொண்டுவிட்டார்.