பேசஞ்சர் ஏர்பேக்கில் மூன்றாவது கனெக்டர் எதற்கு? ரெசிஸ்டர் போட்டு லேம்ப்பை அணைக்கலாமா?

ஷார்ஜா செல்வம்:

வணக்கம். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கராஜில் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். அமெரிக்காவில் அடிபட்டு, ஏலத்தில் எடுத்து, கப்பலில் வரும் வண்டிகள்தான் எங்களுக்கு நிறைய வரும். இப்போது நிற்பதும் அப்படி வந்த ஒரு எஸ்யூவி. முன்பக்கம் நல்ல அடி. டிரைவர், பேசஞ்சர் ஏர்பேக் இரண்டும் விரிந்துவிட்டன. டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடிந்தது.

பேசஞ்சர் பக்கத்துக்கு ஓனர் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டில் இருந்து ஒரு ஏர்பேக் மாட்யூல் (பேக்கும் அதை ஊதும் கருவியும் சேர்ந்த பெட்டி) வாங்கி வந்தார். அதே மாடல், அதே வருஷம், ஆனால் வளைகுடாவுக்கு என்று வந்த வண்டியில் கழற்றியது. டேஷ்போர்டில் கச்சிதமாக உட்காருகிறது. சிக்கல் கனெக்டரில்தான். பழைய மாட்யூலில் இன்ஃப்ளேட்டருக்கு, அதாவது பேக்கை ஊதும் வாயுக் கருவிக்கு, இரண்டு கனெக்டர். இரண்டு கட்டமாக (ஸ்டேஜ்) ஊதும் என்பதால் இரண்டு, அது புரிகிறது. அது போக, பெட்டியின் ஓரத்தில் சின்னதாக மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. வாங்கி வந்ததில் அது இல்லை. வண்டியின் வயர் கட்டில் (ஹார்னஸ்) ஒரு ஜோடி வயர் சும்மா தொங்குகிறது, ஸ்கேனர் அந்த லூப் ஓபன் (சுற்று துண்டிப்பு) என்கிறது, டேஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை லேம்ப் அணைய மாட்டேன் என்கிறது.

பழைய பேக்கைக் கத்தரித்துப் பார்த்தேன். அந்த மூன்றாவது கனெக்டருக்கு நேர் உள்ளே கட்டைவிரல் அளவு ஒரு உலோகக் குப்பி. அதில் ஒரு துணி நாடாவின் காது மாட்டியிருக்கிறது. நாடா அறுபடவில்லை, மாட்டியபடியேதான் இருக்கிறது.

கூட வேலை செய்பவர் 2 ஓம் ரெசிஸ்டர் போட்டால் லேம்ப் போய்விடும் என்கிறார். போடலாமா? அந்த நாடாவுக்கு என்னதான் வேலை?

டர்போ பாண்டி:

போடுங்க பாஸ், ஒண்ணும் ஆகாது. ரெண்டு ஸ்டேஜும் கனெக்ட் ஆகியிருக்குல்ல, பேக் விரியும். மூணாவது எல்லாம் சும்மா எக்ஸ்ட்ரா ஃபிட்டிங். நான் பார்த்த வண்டி இன்னும் ஓடிட்டுதான் இருக்கு.

ஓரகடம் ராகவன்:

செல்வம், ரெசிஸ்டர் பேச்சு அப்புறம். முதலில் அந்தப் பழைய பேக்கைக் கீழே வையுங்கள்.

நாடா இன்னும் குப்பியில் மாட்டியிருக்கிறது என்றால், அந்த மூன்றாவது ஸ்க்விப் (கரன்ட் பட்டதும் வெடிக்கும் சின்ன மருந்துக் குப்பி) வெடிக்கவில்லை என்று அர்த்தம். பேக் விரிந்துவிட்டது, இனி அது வெறும் துணி என்றுதான் கராஜில் எல்லோரும் நினைப்பார்கள். உள்ளே இந்த ஒன்று மட்டும் உயிரோடு இருக்கிறது. மல்டிமீட்டர் வைத்து அதன் ஓம் பார்க்க வேண்டாம். டெஸ்ட் லேம்ப் வேண்டாம். வெல்டிங், கிரைண்டர் பக்கம் போகவே கூடாது. கனெக்டரை உருவியதும் அந்தக் குழிக்குள் ஒரு சின்ன ஷார்ட்டிங் கிளிப் இரண்டு பின்னையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நிலைமின்சாரம் பட்டு வெடிக்காமல் காப்பது அதுதான். அதைக் கிளறாதீர்கள். வெடித்தால் இன்ஃப்ளேட்டர் அளவுக்கு இருக்காது, ஆனால் விரலுக்கு அது போதும்.

இனி நாடா. நான் ஏர்பேக், சீட் பெல்ட் டிசைன் பக்கம் வேலை பார்க்கிறவன். எங்கள் பேச்சில் இதற்கு டெதர் என்று பெயர்.

பேசஞ்சர் பேக் நூறு லிட்டரையும் தாண்டும். டெதர் இல்லாமல் காற்றை விட்டால் துணி எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் உப்பும், அது பெரும்பாலும் எதிரே இருப்பவரின் முகம். பட்டத்துக்குச் சூத்திரக் கயிறு கட்டுகிறோமே, அதன் நீளத்தை வைத்துத்தானே பட்டம் எந்தச் சாய்வில் நிற்கும் என்பது முடிவாகிறது? டெதரும் அப்படித்தான். பேக் எவ்வளவு முன்னால் வரலாம், எங்கே தட்டையாக இருக்க வேண்டும் என்பதை அது பிடித்து வைக்கிறது.

சரி, நீளத்தை யாருக்காக வெட்டுவது? தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1990-களில் அமெரிக்காவில் மெதுவான மோதல்களில்கூட ஏர்பேக் அடித்தே ஆட்கள் இறந்தார்கள். குழந்தைகள், சீட்டை முன்னால் இழுத்து உட்கார்ந்த குள்ளமான பெண்கள். 1990 முதல் 2008 வரை 290-க்கு மேல் என்பது அந்த நாட்டு அரசுக் கணக்கு, அவற்றில் மிகப் பெரும்பாலானவை 1998-க்கு முந்தைய வண்டிகள். இந்தச் சாவுகளைப் பார்த்துத்தான் எஃப்எம்விஎஸ்எஸ் 208 என்ற அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதியை 2000-இல் திருத்தி, 2003 செப்டம்பரில் இருந்து படிப்படியாக அமல்படுத்தினார்கள். ஒரே பேக் சுமார் 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் டம்மியையும் (மோதல் சோதனைக்கு வைக்கும் பொம்மை) காப்பாற்ற வேண்டும், 78 கிலோ ஆண் டம்மியையும் காப்பாற்ற வேண்டும். இதில் ஒரு விசேஷம், அங்கே பெல்ட் போடாத டம்மியை வைத்தும் 40 கிலோமீட்டர் வேகம் வரை மோதிப் பார்க்கிறார்கள். பெல்ட் போடாத ஆளைப் பேக் ஒன்றே நிறுத்த வேண்டும், அதனால் அது விறைப்பாக இருக்க வேண்டும். பெல்ட் போட்ட சின்ன உருவத்துக்கு அதே விறைப்பு நெஞ்சில் அடியாக விழும்.

இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் ஓடுகிற ஓட்டத்திலேயே டெதரை விடுவிக்கும் ஏற்பாடு வந்தது. மோதிய சில மில்லி செகண்டில் ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் பெல்ட் பக்கிள், சீட் எந்த இடத்தில் இருக்கிறது, உட்கார்ந்திருப்பவரின் எடை, மோதலின் வேகம் எல்லாவற்றையும் பார்த்து, டெதரைப் பிடித்தே வைப்பதா விடுவதா என்று தீர்மானிக்கிறது. விடுவதென்றால் ஸ்க்விப்புக்குச் சுமார் 1.2 ஆம்பியர், 2 மில்லி செகண்ட். அவ்வளவுதான். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி சூடாகி, அதைச் சுற்றியுள்ள துளி மருந்து பற்றிக்கொள்ளும்.

அந்த அழுத்தம் டெதரை எப்படி விடுவிக்கிறது என்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழி. சிலர் சின்னக் கத்தியை ஓட்டி நாடாவையே அறுக்கிறார்கள். சிலர் நாடாவின் காதை ஒரு பின்னில் மாட்டி, பின்னை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். உங்களுடையது மூன்றாவது வகை போலத் தெரிகிறது. காது குப்பியைச் சுற்றி மாட்டியிருக்கும், குப்பியின் மூடி தெறித்ததும் காது வழுக்கி வெளியே வந்துவிடும். எனக்குப் பிடித்ததும் இதுதான். கத்தி வகையில் நாடா சற்று மடிந்து கிடந்தாலோ தடித்திருந்தாலோ பாதி அறுபட்டு நிற்கும் பயம் உண்டு, அதைத் தவிர்க்கவே சோதனை மேல் சோதனை. காது வகையில் அறுக்கிற வேலையே இல்லை, நாடாவில் இருக்கும் இழுவிசையே அதை உருவிவிடும்.

ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். கையை அதிகம் வைக்காமல், நாடாவின் மறுமுனை எங்கே போகிறது? முன்துணியின் நடுவிலா, பக்கவாட்டில் உள்ள ஓட்டையின் பக்கமா?

ஷார்ஜா செல்வம்:

சார், பேக்கை மூலையில் தனியாக வைத்துவிட்டேன். ஸ்க்விப் உயிரோடு இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுமுனை பக்கவாட்டில்தான் போகிறது. அங்கே ஒரு வட்ட ஓட்டை, அதைச் சுற்றிச் சட்டைக் கை மாதிரி ஒரு துணிக் குழாய் தைத்திருக்கிறது. அந்தக் குழாயை நாடா உள்பக்கமாக இழுத்துச் சுருக்கி வைத்திருக்கிறது.

ஓரகடம் ராகவன்:

அப்படியானால் அது பேக் எவ்வளவு முன்னால் வரும் என்ற ஆழத்துக்கான டெதர் இல்லை, வென்ட்டுக்கானது, அதாவது வாயு வெளியேறும் ஓட்டைக்கானது. நாடா பிடித்திருக்கும் வரை துணிக்குழாய் சுருங்கி ஓட்டை ஏறக்குறைய அடைத்தே இருக்கும், பேக் விறைப்பாக நிற்கும். விடுவித்தால் உள்ளே இருக்கும் அழுத்தமே குழாயை வெளியே தள்ளித் திறந்துவிடும், வாயு வேகமாக வெளியேறும், பேக் மெத்தென்று ஆகிவிடும். உங்கள் வண்டி மோதியபோது விறைப்பாகவே இருக்கட்டும் என்று யூனிட் முடிவு செய்திருக்கிறது. பெரிய ஆள் உட்கார்ந்திருக்கலாம், பெல்ட் போடாமல் இருந்திருக்கலாம், வேகம் அதிகமாக இருந்திருக்கலாம். பேக்கை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது.

இப்போது ரெசிஸ்டருக்கு வருவோம். ஸ்க்விப்பின் தடை சுமார் 2 ஓம், அதனால் 2 ஓம் ரெசிஸ்டர் போட்டால் லேம்ப் கண்டிப்பாக அணையும். உங்கள் கூட வேலை செய்பவர் அந்த மட்டும் சொன்னது உண்மை. ஆனால் யூனிட்டின் மனதில் "என்னிடம் திறக்கக்கூடிய வென்ட் இருக்கிறது" என்ற கணக்கு அப்படியே இருக்கும். இரண்டு ஸ்டேஜையும் எந்த இடைவெளியில் கொளுத்துவது என்பதையும் அந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள். நாளைக்கு அந்த சீட்டில் ஓனரின் அம்மா பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறார், மோதல் நடக்கிறது, யூனிட் வென்ட்டைத் திற என்று கரன்ட் அனுப்புகிறது. ரெசிஸ்டர் சூடாகும். வேறொன்றும் நடக்காது.

வளைகுடா மாட்யூல் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பிய முறையைப் பின்பற்றும் இடங்களில் முன்மோதல் சோதனை பெல்ட் போட்ட டம்மிகளோடுதான், 56 கிலோமீட்டரில், வண்டியின் முன்பக்கத்தில் 40 சதவீதம் மட்டும் தடுப்பில் படும்படி. அதற்கென்று அளந்து வைத்த நிரந்தர ஓட்டையோடு ஒரு பேக் செய்தால், அதற்கு ஏற்ற யூனிட்டோடு அது ஒழுங்காக வேலை செய்யும். ஒன்றின் பேக்கை மற்றொன்றின் யூனிட்டில் மாட்டுவதுதான் கூடாது.

நூல்கண்டு கலா:

ராகவன் சார் வெடிமருந்து வகை மட்டும் சொல்லிவிட்டார். எங்கள் வகையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஏர்பேக் குஷன் ஆலையில் தையல் லைனைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஸ்க்விப்பே இல்லாமல் டெதரை விடுவிக்க வேண்டுமா? நாடாவை மடித்து, பிரியக்கூடிய தையல் போட்டால் போதும். குறிப்பிட்ட இழுப்பு வந்ததும் தையல் வரிசையாகப் பிரியும், நாடா முழு நீளத்துக்கு வந்துவிடும். மின்சாரம் வேண்டாம், கனெக்டர் வேண்டாம். வெளியில் கேட்டால் "தையல் பிரிவதெல்லாம் ஒரு டிசைனா" என்று சிரிப்பார்கள். எங்களுக்கு அதுதான் ஆலையிலேயே கெடுபிடியான தையல். மற்ற தையல் பலமாக இருந்தால் சந்தோஷம். இது பலமாக இருந்தாலும் தப்பு, பலவீனமாக இருந்தாலும் தப்பு. நூலின் தடிமன், லாட் நம்பர், இத்தனை சென்டிமீட்டருக்கு இத்தனை தையல் என்ற கணக்கு, எல்லாம் பேக்கின் பார்கோடோடு ஒட்டிக்கொண்டு போகும். நூல் நடுவில் அறுந்தால் மெஷின் நின்றுவிடும். அதன் மேலேயே மறுபடி ஓட்டிச் சமாளிக்கலாம் என்ற பேச்சே கிடையாது, அந்தப் பேக்கை ஒதுக்கிவிட வேண்டியதுதான். வெளியில் ஐந்து வருஷம் தையல் போட்ட பிள்ளைகள்கூட இங்கே வந்ததும் முதலில் இதற்குத்தான் கோபப்படுவார்கள்.

ஓரகடம் ராகவன்:

கலா அம்மா சொன்னது சரி. ஆனால் பிரியும் தையலுக்குத் தெரிந்தது இழுப்பு மட்டுமே. எதிரே இருப்பது யார், பெல்ட் போட்டாரா என்பது அதற்குத் தெரியாது.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டு. வென்ட் ஆரம்பத்தில் திறந்தே இருக்கும், பேக் முழுதாக முன்னால் விரிந்தால்தான் டெதர் விறைத்து அதை மூடும். குழந்தை டேஷ்போர்டை ஒட்டி நின்றால் பேக் விரிய இடமே இருக்காது, டெதர் தொய்ந்தே கிடக்கும், வாயு பக்கவாட்டில் ஓடிவிடும். சென்சார் இல்லை, மருந்து இல்லை. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் வந்த அழகான யோசனைகளில் இது ஒன்று.

கார் பைத்தியம் மதுரை:

சார், நம்ம ஊர் வண்டியில் இந்த மூன்றாவது கனெக்டர் இருக்குமா? என் ஹேட்ச்பேக் 2022 மாடல்.

ஓரகடம் ராகவன்:

பெரும்பாலும் இருக்காது. இங்கே டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில், பேசஞ்சருக்கு 2021-இல். சோதனையும் பெல்ட் போட்ட டம்மியோடுதான். நிரந்தர ஓட்டையும் நிரந்தர டெதரும் போதும் என்று வைத்துவிடுகிறார்கள். அதனால் நம் ஊரில் பெல்ட் போடாமல் ஏர்பேக்கை நம்பி உட்காருவது இரட்டை முட்டாள்தனம்.

ஷார்ஜா செல்வம்:

ஓனரிடம் பேசினேன். முதலில் முகத்தைச் சுளித்தார். அம்மா கதையைச் சொன்னதும் அமெரிக்க மாட்யூலே தேடலாம் என்று இறங்கிவிட்டார். இரண்டு சந்தேகம். யார்டில் கிடைத்தால் சரியானதுதான் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? பழையதை என்ன செய்வது?

ஓரகடம் ராகவன்:

மாட்யூலின் பின்பக்க உலோகப் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். முன்னால் உள்ள எண்கள் எல்லாம் ஒன்றாக இருந்து கடைசி எழுத்து மட்டும் மாறினாலும் வேறு வென்ட்டாக இருக்கலாம். வண்டியின் சேசிஸ் நம்பரைக் கொடுத்து டீலரிடம் பார்ட் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு யார்டுக்குப் போங்கள். ரீகாலில் (கம்பெனி குறை என்று திரும்பக் கேட்ட பட்டியலில்) இருக்கிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள். தண்ணீரில் மூழ்கிய வண்டியின் மாட்யூல் என்றால் தொடவே வேண்டாம். கூடவே, ஏர்பேக் விரிந்த இந்த வண்டியின் கன்ட்ரோல் யூனிட்டை மாற்றினீர்களா? பல வண்டிகளில் கிராஷ் டேட்டா பதிந்துவிட்டால் யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

மாட்டும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு மேனுவலில் சொன்ன நேரம் காத்திருங்கள். யூனிட்டுக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். லூப் தடையை மீட்டரில் பார்க்காமல் ஸ்கேனரிலேயே பாருங்கள்.

பழையதைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள், பிரஸ்ஸில் நசுக்கும்போது ஆள் பக்கத்தில் நிற்பான். வெடிக்காத ஸ்க்விப் ஒன்று உள்ளே இருக்கிறது என்று மேலேயே எழுதி, டீலரிடமோ ஏர்பேக் அழிக்க அனுமதி உள்ள இடத்திலோ கொடுத்துவிடுங்கள்.

டர்போ பாண்டி:

சார், நான் ரெசிஸ்டர் போட்டதுல ஒண்ணு என் மச்சான் வண்டி. அதுக்கு என்ன பண்றது?

ஓரகடம் ராகவன்:

மச்சானின் சேசிஸ் நம்பரை எடுங்கள். அதுவரை பேசஞ்சர் சீட்டை எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ தள்ளிவிடுங்கள், உட்காருபவர் பெல்ட் இல்லாமல் உட்காரக் கூடாது, சிறிய உருவமுள்ளவர்கள் பின்சீட்டில் உட்காரட்டும்.