திக்னஸ் பிளேனர்: 'தடிமன் இழைப்பி' என்ற சொல்லும் அதைச் சூழ்ந்த எச்சரிக்கைச் சொற்களும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மரவேலைக் கையேட்டின் சொற்பட்டியலுக்காக 'திக்னஸ் பிளேனர்' என்பதற்கு இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன: பருமன் சீராக்கி, கன இழைப்பி, தடிமன் செதுக்கி, இழைப்பு எந்திரம். நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பட்டறையில் எந்திரத்துக்கு மேலே ஒட்டிவைத்து, வேலை செய்யும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இந்த எந்திரத்தைப் பொறுத்தவரை பிழையான பெயர் பிழையான பயன்பாட்டுக்கும், பிழையான பயன்பாடு காயத்துக்கும் இட்டுச்செல்வதை நேரில் கண்டிருக்கிறேன்.

முதலில் எந்திரம் செய்யும் வேலையைப் பார்ப்போம். கீழே ஒரு மேசை, மேலே கத்திகள் பொருத்திய வெட்டுருளை, அதற்கு முன்னும் பின்னும் பலகையை இழுத்துச் செல்லும் இரண்டு உருளைகள் என்பதே இதன் அடிப்படை அமைப்பு. மேசைக்கும் கத்திமுனைக்கும் இடையிலுள்ள தொலைவை நாம் வைக்கிறோம். பலகை அந்த இடைவெளியில் நுழைந்து, அதே தடிமனோடு மறுபக்கம் வெளியேறுகிறது. ஆகவே, மேசைமீது படிந்திருக்கும் கீழ்முகத்துக்கு இணையாக மேல்முகத்தை வெட்டுவதே இதன் பணி. வளைந்த பலகையை நிமிர்த்துவது இதன் பணியன்று. வளைந்த பலகையை உள்ளே விட்டால் உருளைகள் அதை அழுத்தித் தற்காலிகமாகத் தட்டையாக்கும், கத்தி இழைக்கும், வெளியே வந்ததும் பலகை பழைய வளைவுக்கே திரும்பிவிடும். தடிமன் குறைந்திருக்கும், வளைவு அப்படியே இருக்கும்.

இதனால்தான் 'இழைப்பு எந்திரம்' என்ற பொதுப்பெயர் போதாது என்கிறேன். 'சீராக்கி' என்ற ஈறு இன்னும் சிக்கலானது. 'சீர்' என்று கேட்டவுடனே கோணல் நிமிரும் என்ற எதிர்பார்ப்பு மனத்தில் எழுந்துவிடுகிறது. மேலும் 'பருமன்' என்பது பல பாடநூல்களில் கன அளவையும், அன்றாடப் பேச்சில் உடலின் பெருக்கத்தையும் குறிக்கிறது. 'கனம்' என்ற சொல்லைத் தச்சர்கள் தடிமனுக்குப் பயன்படுத்துவது உண்மை. 'முக்கால் அங்குலக் கனம்' என்பது காதுக்குப் பழகிய தொடர்தான். ஆனால் மரம் கன அடிக் கணக்கில் விற்கப்படும் பொருள். எடையையும் கனம் என்கிறோம். ஒரே பக்கத்தில் இந்த மூன்று பொருளும் வந்தால், புதிதாகக் கற்பவர் தடுமாறுவார். 'தடிமன்' சில வட்டாரங்களில் நீர்க்கோவையைக் குறித்தாலும், பலகையைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்தக் குழப்பம் வர வாய்ப்பில்லை.

'செதுக்கி' என்ற பரிந்துரையை நான் ஏற்கத் தயங்குவதற்குக் காரணம், செதுக்குவதும் இழைப்பதும் தச்சுத்தொழிலில் வெவ்வேறு வினைகள் என்பதே. வாய்ச்சியால் செதுக்குகிறோம், உளியால் செதுக்குகிறோம், இழைப்புளியால் இழைக்கிறோம். சுருள்சுருளாகச் சீவல் எடுத்து முகத்தை வழுவழுப்பாக்கும் வினைக்கு இழைத்தல் என்ற சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. இழை என்றால் நார் அல்லவா, மரத்தின் இழையோடு குழம்பாதா என்று சென்ற மடலில் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பெயர்ச்சொல்லாக நின்றால் நார், வினையாக நின்றால் தேய்த்தலும் சீவுதலும் என்பது தமிழ் பேசுவோர் அனைவருக்கும் பழக்கமானது. சந்தனம் இழைக்கிறோம் என்று சொல்லும்போது யாரும் நூலை நினைப்பதில்லை. 'இழைப்பி' என்ற வடிவம் வினையிலிருந்து பிறந்தது என்பது வெளிப்படையாகவே தெரிகிறது. எனவே என் பரிந்துரை 'தடிமன் இழைப்பி'. நீளம் ஏறத்தாழ மூலச்சொல்லின் அளவே. பட்டறை இரைச்சலுக்கு நடுவே கூவிச் சொன்னாலும் புரிகிறது.

இதற்கு இணையாக இன்னொரு பெயரையும் இப்போதே முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலத்திலேயே இங்குக் குழப்பம் உண்டு: அமெரிக்கர்கள் பிளேனர் என்று மட்டும் சொன்னால் இந்த எந்திரம், பிரித்தானியர்கள் அதே சொல்லைச் சொன்னால் பெரும்பாலும் அமெரிக்கர்கள் ஜாயின்டர் என்று அழைக்கும் வேறொரு எந்திரம். இந்த இரண்டாவதில் வெட்டுருளை மேசைக்குக் கீழே இருக்கும். பலகையின் ஒரு முகத்தை முதன்முதலில் தட்டையாக்குவது அதுதான். அந்த முகத்தை அடிப்படையாகக் கொண்டு மறுமுகத்தை இணையாக்குவது தடிமன் இழைப்பி. இரண்டுக்கும் 'பிளேனர்' என்றே எழுதி, இரு நாட்டுக் கையேடுகளிலிருந்தும் மொழிபெயர்த்தால், ஓர் எந்திரத்துக்குரிய பாதுகாப்பு விதி மற்றதற்குப் போய்ச்சேரும். தளத்தை உருவாக்குவதால் ஜாயின்டரைத் 'தள இழைப்பி' என்று வைக்கலாம். 'முதலில் தள இழைப்பி, பிறகு தடிமன் இழைப்பி' என்று வரிசையைச் சொல்லிக்கொடுப்பதும் எளிதாகிறது.

இனி, என் மனத்தை அதிகம் உறுத்தும் சொல்லுக்கு வருகிறேன். நான் வேலை பழகிய காலத்தில், எந்திரத்தோடு வந்த தமிழ்க் குறிப்புத்தாளில், உள்ளே விட்ட மரம் திருப்பி எறியப்படுவதைக் குறிக்கும் 'கிக்பேக்' என்பதைப் 'பின்னடைவு' என்று மொழிபெயர்த்திருந்தார்கள். 'குறுகிய துண்டுகளை இட்டால் பின்னடைவு ஏற்படலாம்' என்றிருந்தது அந்த வரி. பின்னடைவு என்றால் வேலை தாமதமாகும், எந்திரம் சற்று நின்று ஓடும் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். ஒருநாள் ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு துண்டை உள்ளே விட்டேன். முன்னுருளை அதைவிட்டு விலகியது. பின்னுருளை இன்னும் பற்றவில்லை. இடையில் துண்டு இலேசாகத் திரும்பிய ஒலி கேட்டது, அடுத்த நொடி அது என் இடுப்பை உரசிக்கொண்டு பின்சுவரில் மோதிப் பிளந்தது. நேர் பின்னால் நில்லாமல் அரையடி விலகி நின்றது தற்செயல்தான். வலப்பக்கச் சட்டை மடிப்பில் ஒரு கீறல் இருந்தது. அந்தச் சட்டையை நெடுநாள் வைத்திருந்தேன்.

வெட்டுருளையின் அடிப்பகுதியிலுள்ள கத்திகள் பலகை செல்லும் திசைக்கு எதிராகவே நகர்கின்றன. ஆகவே உருளைகளின் பிடி தளர்ந்தால் மரம் உள்ளே விட்டவரை நோக்கித்தான் பாயும். இங்கே எந்திரம் உதைப்பதில்லை. துப்பாக்கியின் பின்னுதைப்பைப் போல் கருவி பின்னால் வருவதும் இல்லை. மரம் எறியப்படுகிறது. அதனால் 'பின்னெறிவு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். எறிவு என்று கேட்டவர் எறியும் வழியிலிருந்து விலகி நிற்பார். குனிந்து உள்ளே எட்டிப் பார்க்கமாட்டார். பின்னெறிவைத் தடுக்க நுழைவாயிலில் வரிசையாகத் தொங்கும் இரும்புத் துண்டுகளுக்குத் 'தடுப்பு நகங்கள்' என்பது பொருத்தமாக இருக்கும். பலகை உள்ளே போகும்போது அவை மேலெழுந்து வழிவிடும், திரும்பி வரப் பார்த்தால் நகம் பதித்துப் பிடிக்கும். பிசினும் தூளும் சேர்ந்து அவை அசையாமல் ஒட்டிக்கொண்டால் பயனில்லை. ஒவ்வொன்றையும் விரலால் தூக்கிவிட்டால் தானாக விழுகிறதா என்று, மின்இணைப்பைப் பிடுங்கிய பிறகு, வேலைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

துண்டின் நீளம் இரண்டு உருளைகளுக்கும் இடையிலுள்ள தொலைவைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும் என்பது இப்போது தானாகவே விளங்கும். பல எந்திரங்களில் 300 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை விடவேண்டாம் என்று எச்சரித்திருப்பார்கள். எந்திரத்தின் கையேடு கூறுவதே முடிவானது. இந்த அளவுக்குக் 'குறைநீளம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது நீளம் குறைந்த துண்டு என்றும் பொருள்படுவதால் 'குறைந்தபட்ச நீளம்' என்றே விரித்து எழுதுவது நல்லது. பாதுகாப்பு விதியில் சுருக்கம் அழகன்று.

ஒரே முறையில் எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதற்கு 'வெட்டாழம்' என்ற சொல் குழுவில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடே. சிறிய எந்திரங்களில் ஒரு தடவைக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாமல், கடைசித் தடவையை அரை மில்லிமீட்டர் அளவில் நிறுத்திக்கொண்டால் முகமும் நன்றாக வரும், எந்திரமும் திணறாது.

எதிர்த்திசையில் இழைத்தால் நார் கிளம்பிப் பிய்ந்து நிற்பதற்கு 'நார்ப்பெயர்வு' என்று ஒருவர் பரிந்துரைத்திருந்தார். தச்சர்கள் 'மரம் சிலும்புகிறது' என்று சொல்வார்கள். வாழும் சொல் இருக்கும்போது புதிதாக ஆக்கவேண்டிய தேவையில்லை. 'சிலும்பல்' என்றே வைப்போம். பலகையின் பக்க விளிம்பைப் பார்த்தால், இழைக்கோடுகள் முதலில் நுழையும் முனையிலிருந்து பின்முனையை நோக்கி மேலேறிச் செல்லவேண்டும். அப்படி இட்டால் சிலும்பல் குறையும். இறங்கிச் சென்றால் பலகையை முனை மாற்றி இடவேண்டும்.

பலகையின் இரு முனைகளிலும் சில சென்டிமீட்டர் தொலைவுக்குச் சற்றே ஆழமாக வெட்டு விழுவதை ஸ்னைப் என்கிறார்கள். ஓர் உருளை மட்டும் பிடித்திருக்கும் கணத்தில் பலகையின் முனை கத்தியை நோக்கி எழும்புவதே காரணம். இதற்கு 'முனைக்குழிவு' பொருந்தும். நீண்ட பலகையின் வெளிமுனையை மேசை மட்டத்தில் தாங்கிப் பிடித்தால் பெருமளவு தவிர்க்கலாம். முற்றிலும் நீங்காவிட்டால் பலகையை நீளமாக வைத்து இழைத்துவிட்டுப் பிறகு முனைகளை அறுத்துவிடுவதே வழக்கம்.

பராமரிப்புப் பகுதியில் ஒரு சொல்லை மாற்றியே ஆகவேண்டும். வரைவில் கத்திக்கு 'அலகு' என்று போட்டிருக்கிறீர்கள். அழகான சொல்தான். ஆனால் 'கத்திமுனையை இரண்டு அலகு உயர்த்துக' என்று வரும்போது, அளவைக் குறிக்கும் அலகா, வெட்டும் அலகா என்று தெரியவில்லை. பட்டறையில் எல்லாரும் கத்தி, பிளேடு என்றுதான் சொல்கிறார்கள். கத்தி என்றே இருக்கட்டும். கத்தியை வெட்டுருளையில் இறுக்கிப் பிடிக்கும் பட்டைக்கு 'ஆப்புப்பட்டை' என்று வைக்கலாம்; ஆப்பு செய்யும் வேலையையே அதுவும் செய்கிறது. கத்தி மாற்றும்போது விசையை நிறுத்தினால் மட்டும் போதாது, செருகியை மின்வாயிலிலிருந்து பிடுங்கவேண்டும் என்பதை நுழைவுவரியாகவே எழுதவேண்டும். விசையை நிறுத்திய பிறகும் வெட்டுருளை தன் வேகத்தில் சில நொடிகள் சுழன்றுகொண்டேயிருக்கும். கத்திகளைத் தனித்தனியாக அன்றி ஒரு தொகுதியாகவே மாற்றவேண்டும். எடை வேறுபட்டால் உருளை அதிரும். எல்லாக் கத்திகளின் முனையும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் எல்லாம் வெட்டும். ஒன்று மட்டும் துருத்தியிருந்தால் மற்றவை சும்மா சுற்றும். மூன்று கத்திகள் உள்ள உருளை நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது பலகை நிமிடத்துக்கு 6 மீட்டர் சென்றால் 0.4 மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டுத்தடம் விழும். ஒரே கத்தி வேலை செய்தால் அது 1.2 மில்லிமீட்டராகி, கைவிரலுக்கே அலையலையாகத் தட்டுப்படும். புதியவருக்கு உயரம் வைப்பதன் முக்கியத்துவத்தை நான் இந்த அலையைத் தொட்டுப் பார்க்கச்சொல்லித்தான் விளக்குகிறேன்.

'சீவல் உறிஞ்சி' என்ற பரிந்துரையைத் 'தூளுறிஞ்சி' என்று மாற்ற வேண்டுகிறேன். கண்ணுக்குத் தெரிவது சீவல். நுரையீரலுக்குள் போவது தூள். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1995-இல் வெளியிட்ட தொகுதியில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்தது. சீவலைக் கூட்டி அள்ளிவிட்டால் போதும் என்ற எண்ணத்தைப் பெயர் வளர்க்கக்கூடாது.

கையேட்டுப் பதிவுக்கு என் வரைவு இது: 'தடிமன் இழைப்பி: ஏற்கெனவே தட்டையாக்கப்பட்ட கீழ்முகத்துக்கு இணையாகப் பலகையின் மேல்முகத்தை இழைத்து, பலகை முழுவதையும் ஒரே தடிமனுக்குக் கொண்டுவரும் எந்திரம். வளைவை நிமிர்த்தாது, அதற்குத் தள இழைப்பியைக் காண்க. பின்னெறிவு வாய்ப்புள்ளதால் பலகை நுழையும் நேர்கோட்டில் நிற்கலாகாது. கையுறை அணியலாகாது. பலகை சிக்கினால் விசையை நிறுத்தி, வெட்டுருளை முழுமையாக நின்றபின் மேசையைத் தாழ்த்தி எடுக்கவேண்டும்.'

கையுறை பற்றிய வரியை நீக்கலாமா என்று தொகுப்பாளர் கேட்டிருந்தார். நீக்கவேண்டாம். பாதுகாப்பு என்றாலே கையுறை என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே உருளை அதைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

முடிவாகாமல் இருப்பது ஒன்றே. வெட்டுருளைக்கு முன்னே பலகையை அழுத்திப் பிடித்துச் சீவலை ஒடிக்கும் பட்டைக்கும், பின்னே பலகையைப் படிய வைக்கும் பட்டைக்கும் வரைவில் 'அழுத்துப்பட்டை' என்ற ஒரே சொல் இருக்கிறது. பின்னதற்கு அது சரி. முன்னதற்குச் 'சீவல் முறிப்பி', 'சீவல் ஒடிப்பான்' என்ற இரண்டும் எனக்குத் தோன்றுகின்றன. முறிப்பி என்பதன் பக்கமே என் மனம் சாய்கிறது. இரண்டில் எது உங்கள் பட்டறையில் வாய்க்கு எளிதாக வருகிறது என்று சொன்னால், அந்தப் பக்கத்தையும் முடித்துவிடலாம்.