புதுப்பிப்பு: நான்காம் பகுதிக்கும் தண்ணீர் வந்துவிட்டது

டாலஸுக்கு அருகே நாங்கள் புதிதாக வாங்கிய வீட்டில், புல்தரைத் தெளிப்பான்களின் ஆறு பகுதிகளில் நான்காவது மட்டும் இயங்கவில்லை என்றும், அதன் வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்றே தெரியவில்லை என்றும் இரண்டு வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன்.

நீங்கள் சொன்னபடி, தெளிப்பான்களை நேரப்படி இயக்கும் கன்ட்ரோலரின் மின்சாரத்தை நிறுத்தி, ஒவ்வொரு பகுதியின் கம்பியையும் கழற்றி, அதற்கும் எல்லா வால்வுகளுக்கும் பொதுவான கம்பிக்கும் இடையேயான மின்தடையை மல்டிமீட்டரால் அளந்தேன். மற்ற ஐந்தும் 25 முதல் 30 ஓம் வரை காட்ட, நான்காவதில் அளவே வரவில்லை. வால்வை மின்சாரத்தால் திறக்கும் சொலினாய்டுச் சுருளோ, அதற்குப் போகும் கம்பியோ எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள்.

மற்ற வால்வுப் பெட்டிகள் இருந்த வரிசையை ஒட்டி நீண்ட திருப்புளியால் மண்ணைக் குத்திக்கொண்டே போனதில், வேலியோரம் இரண்டு அங்குல மண்ணுக்கு அடியில் பச்சை மூடி தட்டுப்பட்டது. சொலினாய்டு நன்றாகவே இருந்தது. கம்பிகளை வெறும் டேப் சுற்றி இணைத்திருந்தார்கள். செம்பு முழுவதும் களிம்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. ஈரமண்ணில் கிடக்கும் இணைப்புக்கு டேப் ஒருபோதும் போதாது. கெட்டுப்போன கம்பி நுனிகளை வெட்டி, கம்பியின் உறையைப் புதிதாகச் சீவி, கிரீஸ் நிரப்பிய நீர்புகாத் தொப்பிக்குள் முறுக்கியதும் மீட்டர் 27 ஓம் காட்டியது.

எங்கள் மண் களிமண் என்பதால், 15 நிமிடங்கள் ஒரே மூச்சில் விட்ட தண்ணீர் தெருவுக்கு ஓடியது. இப்போது ஒரு மணி நேர இடைவெளியில் ஐந்தைந்து நிமிடங்களாக மூன்று முறை விடுகிறேன், மண் உறிஞ்சிக்கொள்கிறது. மூலையில் உள்ள ஒரு தெளிப்பான் மட்டும் இன்னும் வேலியையே நனைக்கிறது. அதை வரும் சனிக்கிழமை திருப்பிவிடுவேன்.