நோயாளி கையேட்டில் எந்த எழுத்து? ஈ-எர்-எம்மா, எம்.ஆர்.ஐ.-யா, தமிழா?

மலையடிவாரம்:
வணக்கம். மொரிஷியஸில் காத்ர் போர்ன் ஊர் மலைக்கோவில் பக்கத்து இளைஞர்கள் சிலர் சேர்ந்து, காவடிக்கு முந்தின வாரம் ஒரு சர்க்கரை, பிரஷர் பரிசோதனை முகாம் நடத்தப் போகிறோம். வருகிறவர்களுக்குக் கொடுக்க நாலு பக்கத்தில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். மருந்துச் சீட்டிலும் லேப் ரிப்போர்ட்டிலும் வரும் சுருக்கங்களுக்கு அதில் விளக்கம் இருக்கும்.

இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் என் பாட்டி. போன மாதம் அவருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டின் அடியில் எர்-ஆ-எஸ் என்று மூன்றே எழுத்து. ஏதோ பெரிய வியாதி என்று வீட்டில் யாரும் அன்றிரவு தூங்கவில்லை. காலையில் விசாரித்தால், 'குறிப்பிட ஒன்றும் இல்லை' என்பதற்கு பிரெஞ்சில் அப்படிச் சுருக்கி எழுதுவார்களாம்!

என் கேள்வி இதுதான்: சுருக்கங்களை அப்படியே விட்டுப் பொருள் மட்டும் எழுதுவதா, இல்லை எல்லாவற்றையும் தமிழாக்கிவிடுவதா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? முழுக்கத் தமிழில் போடுங்கள். 1998-இல் புது ரூபாய் நோட்டில் நம் எழுத்தை இந்திக்குக் கீழே தள்ளியபோது நாம் வாயை மூடிக்கொண்டா இருந்தோம்? நோட்டையே திரும்ப வாங்க வைத்தோம். ரத்த அழுத்தத்துக்கு இ.அ., இதய மின்வரைவுக்கு (ஈ.சி.ஜி.) இ.மி.வ. என்று நாமே சுருக்கம் வைத்துக்கொள்ளலாம். மருத்துவத்துக்குத் தமிழ் போதாது என்று யாரும் சொல்ல வேண்டாம். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர் 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார்.

வார்டு அக்கா:
ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் முப்பது வருஷம் வார்டில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், இ.மி.வ. என்று எழுதிய ஒரு தாளை இந்தத் தீவில் எந்த டாக்டரும் உங்கள் கையில் கொடுக்கப் போவதில்லை. கையேடு எதற்கு? கையில் இருக்கும் சீட்டை அதோடு வைத்துப் பார்ப்பதற்கு. சீட்டில் இல்லாத எழுத்து அதில் இருந்தால் யாருக்கு லாபம்?

நம் தலைவலி ஏற்கெனவே இரட்டை. பிரான்சில் படித்தவர் ஈ-எர்-எம் என்பார், இங்கிலாந்தில் படித்தவர் எம்.ஆர்.ஐ. என்பார், இரண்டும் ஒரே ஸ்கேன். ஆ-தே-என் என்பதும் டி.என்.ஏ. என்பதும் ஒன்று. பக்கவாதத்துக்கு ஆ-வே-சே. முழு ரத்தப் பரிசோதனை பிரெஞ்சில் என்-எஃப்-எஸ், இங்கிலீஷில் எஃப்.பி.சி., இந்தியாவில் படித்து வந்தவர் எழுதினால் சி.பி.சி. இதற்கு மேல் மூன்றாவதாக ஒரு தமிழ்ச் சுருக்கமா?

இந்தக் குழுவில் தமிழில் மட்டும்தான் எழுத வேண்டும் என்பதால் ஒலியை வைத்து எழுதுகிறேன். கையேட்டில் இப்படிக்கூடப் போடாதீர்கள். சீட்டில் இருக்கிற ரோமன் எழுத்து அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் தமிழில் பொருள் எழுதுங்கள்.

கரும்புக்காடு:
அக்கா சொல்வதுதான் சரி. இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். முகாமுக்கு வருகிற கிழவிகளில் எத்தனை பேர் தமிழ் படிப்பார்கள்? வீட்டில் பேசுவது கிரியோல் மொழி, சாமிக்குத் தமிழ். அந்தக் கையேடு பூஜை அறையில் பத்திரமாக இருக்கும், யாரும் திறக்க மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
கரும்புக்காட்டாருக்கு: பாட்டி படிக்காவிட்டால் பேத்தி படித்துச் சொல்வாள். பள்ளியில் எதற்குத் தமிழ் படிக்கிறாள்?

அக்காவுக்கு: எழுத்து தெரிந்தால் பொருள் தெரிந்ததாகிவிடுமா? எங்கள் தெருவில் எல்லோரும் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்து "எனக்கு ஏ-ஒன்-சி ஒன்பது" என்று ஏதோ பரீட்சை மார்க் போலச் சொல்கிறார்கள். அது என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தமிழ்ச்சொல் தன்னைத் தானே விளக்கும். ஹெப்பட்டைட்டிஸ் என்றால் விழிக்கிறவர் மஞ்சள் காமாலை என்றதும் தலையாட்டுகிறாரே!

வார்டு அக்கா:
ஐயா, அங்கேதான் ஆபத்து. மஞ்சள் காமாலை ஒரு அறிகுறி. கண்ணும் தோலும் மஞ்சளாவது. பித்தக் கல் அடைத்தாலும் வரும், பிறந்த குழந்தைக்கும் வரும். ஹெப்பட்டைட்டிஸ் உள்ளவருக்கு மஞ்சளே தெரியாமலும் போகலாம். பி, சி வகைகள் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும். "எனக்குக் கண் மஞ்சளாகவில்லையே" என்று சொல்லிவிட்டு ரத்தப் பரிசோதனைக்கே வராதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். கல்லீரல் அழற்சி என்று போடலாம். ஆனால் இதுவும் என் கட்சிக்குத்தான் பலம். ஐட்டிஸ் என்று முடிகிற இடத்தில் எல்லாம் அழற்சி என்று ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் போதும். அப்பெண்டிசைட்டிஸ் குடல்வால் அழற்சி, ஆர்த்ரைட்டிஸ் மூட்டு அழற்சி. அழல் என்றால் நெருப்பு. லத்தீன்காரனும் தீப்பற்றுவது என்ற சொல்லில் இருந்துதான் இன்ஃப்ளமேஷனை எடுத்தான். வீக்கம் என்று எழுதிவிடாதீர்கள், அது வேறு.

சென்னைவாசி, எபேன்:
இங்கே வேலைக்கு வந்து இரண்டு வருஷம். எழுத்தைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், எண்ணை யாரும் கவனிக்கவில்லையே! ஊரில் என் சுகர் 126 என்பார்கள். இங்கே லேப்பில் 7 என்று வந்தது, நல்லாகிவிட்டது என்று அன்று பிரியாணி சாப்பிட்டேன். இரண்டும் ஒன்றே. இந்தியாவில் மில்லிகிராம் கணக்கு, இங்கே மில்லிமோல், 18-ஆல் பெருக்க வேண்டும். வெறும் வயிற்றில் 7 என்பதே சர்க்கரை நோய் தொடங்கும் எல்லை. பிரான்சில் இருக்கும் மாமாவிடம் கேட்டால் அவருக்கு அதே அளவு 1.26, அங்கே லிட்டருக்கு இத்தனை கிராம் என்று கணக்காம்.

பிரஷரும் அப்படித்தான். ஒரு டாக்டர் "14க்கு 9" என்றார். செத்தேன் என்று நினைத்தேன். அது 140க்கு 90. பிரெஞ்சு வழக்கத்தில் பாதரசத்தைச் சென்டிமீட்டரில் சொல்கிறார்கள்.

வார்டு அக்கா:
தம்பி, இதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். ஏ-ஒன்-சி பற்றியும் இரண்டு வரி: ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அதில் ஒட்டிய சர்க்கரையின் அளவு அது. அதனால் இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிடும். முகாமுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
பார்த்தீர்களா? நீங்களே தமிழில் எவ்வளவு அழகாக விளக்கிவிட்டீர்கள்! மோக்காவில் கண் மருத்துவமனைக்கே பாரதி பெயர் வைத்த நாடு இது. வலது கண், இடது கண் என்று தமிழில் எழுத நமக்கு என்ன கூச்சம்?

வார்டு அக்கா:
கண் என்றதும் ஞாபகம் வருகிறது. ஓ, டி என்று இரண்டெழுத்து. இங்கிலீஷ் மருந்துச் சீட்டில் நாளுக்கு ஒரு தடவை. கண் டாக்டர் சீட்டில், பிரெஞ்சானாலும் லத்தீனானாலும், வலது கண். சொட்டு மருந்துச் சீட்டில் இது வந்தால் எந்தப் பொருள்? எனக்கே சந்தேகம் வந்து போன் போட்டுக் கேட்ட நாள் உண்டு. தமிழாக்கினாலும் தீராது, அப்படியே விட்டாலும் தீராது. கேட்டால்தான் தீரும்.

இன்னொன்று. எங்கள் சொந்தத்தில் எழுபத்தெட்டு வயது பெரியவர், இதய நோயாளி. ரிப்போர்ட்டில் ஈ-வே-ஜே. இடது இதயக் கீழறை பலவீனத்துக்கு பிரெஞ்சில் அந்தச் சுருக்கம் உண்டு. ஆனால் கருக்கலைப்புக்கும் அதே மூன்றெழுத்துதான், ஜனங்களுக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான். அவருடைய மருமகள் ரிப்போர்ட்டோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது இருந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கரும்புக்காடு:
அக்கா, காபியைக் கீபோர்டில் கொட்டிவிட்டேன்.

மலையடிவாரம்:
எல்லோருக்கும் நன்றி. இப்போது மூன்று பத்தியாக வைத்திருக்கிறேன்: சீட்டில் உள்ள எழுத்து, கிரியோலில் சொல்வது, தமிழில் பொருள். ஒரே எழுத்துக்கு இரண்டு பொருள் இருந்தால் பக்கத்தில் கேள்விக்குறி, 'டாக்டரிடம் கேளுங்கள்' என்று. ஒன்று மட்டும் முடிவாகவில்லை, நீரிழிவா, சர்க்கரை நோயா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
நீரிழிவு. இழிதல் என்றால் இறங்கி ஓடுதல். டயபெட்டிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் ஊடே ஓடிப்போவது என்றுதான் பொருள். அதுவும் தவிர, ரத்தத்தில் சர்க்கரை கூடாமலே சிறுநீர் பெருகுகிற இன்னொரு டயபெட்டிஸ் உண்டே. அதையும் சர்க்கரை நோய் என்பீர்களா?

கரும்புக்காடு:
நாங்கள் கரும்பு வெட்டிய பரம்பரை, ஐயா. சர்க்கரை என்றால்தான் எங்களுக்குப் பயம் வரும்.

வார்டு அக்கா:
இரண்டையும் போடுங்கள், எதைப் பெரிதாக அச்சடிப்பது என்று அப்புறம் சண்டை போடலாம். தம்பி, நீங்கள் அனுப்பிய மாதிரியில் மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். இன்சுலின் உதாரணத்தில் பத்துக்குப் பக்கத்தில் யூ என்ற எழுத்தை ஒட்டிப் போட்டிருக்கிறீர்கள். கையால் எழுதும்போது அந்த யூ சுழியமாகத் தெரியும், 10 நூறாகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளின் தரத்தைச் சோதிக்கும் ஜாயின்ட் கமிஷன் 2004-இல் வெளியிட்ட 'பயன்படுத்தாதே' பட்டியலிலேயே அது இருக்கிறது. முழுச் சொல்லாக எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
ஆமாம், 'பத்து அலகு' என்று போடுங்கள்.

வார்டு அக்கா:
ஐயா! காவடிக்கு முந்தின வாரம், கோவில் வாசலில், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு "பத்து அலகு குத்திக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் பாதிப் பேர் நாக்கை நீட்டுவார்கள்.

மலையடிவாரம்:
யூனிட் என்றே மாற்றிவிட்டேன்.