டர்பன் 2019: 226க்கு 9, மீதி 78

தென்னாப்பிரிக்காவை இலங்கை 1 விக்கெட்டில் வென்ற டர்பன் டெஸ்டைப் பற்றிச் சிலர் மாறி மாறிச் சொல்வது இது. முதலில் கணக்கு. தென்னாப்பிரிக்கா 235, 259. இலங்கை 191, 304க்கு 9. இலக்கும் அதே 304. கடைசி ஜோடி சேர்ந்தபோது வேண்டியது 78. குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் 200 பந்தில் 153, விஷ்வ ஃபெர்னாண்டோ 27 பந்தில் 6. அந்த 78ல் குசல் அடித்தது 67, உதிரி (எக்ஸ்ட்ரா) 5. ஆஸ்திரேலியாவில் 2-0 என உதை வாங்கி, சண்டிமாலை விட்டுவிட்டு, கருணாரத்னவைத் தலைவராக்கிப் போன அணி. எதிரணி அப்போதுதான் பாகிஸ்தானை 3-0 என்று துடைத்திருந்தது.

குசலின் 153ல் 12 பவுண்டரி, 5 சிக்ஸர், அதாவது 78. மீதி 75ம் ஓடி எடுத்தது. எல்லாரும் சிக்ஸரைத்தான் பேசுகிறார்கள்.

*

ஓடி எடுத்தது என்று சொன்னீர்களே, எந்தப் பந்தில் ஓடினார் என்பதுதான் விஷயம். கடைசி ஜோடி சுமார் 16 ஓவர் நின்றது. விஷ்வவுக்கு வந்தது 27 பந்து என்றால் ஓவருக்கு 2க்கும் குறைவு. இதை எட்டும் முறை இப்படி: முதல் 3 பந்தில் சிங்கிள் கிடைத்தாலும் ஓடக்கூடாது, பவுண்டரியோ இரண்டோ மட்டும். 4வது பந்தில் எடுத்தால் 11வது ஆட்டக்காரர் 2 பந்து பார்க்கணும். 5வதில் எடுத்தால் ஒன்று. 6வதில் எடுத்தால் அடுத்த ஓவரும் உங்களுடையது. ஆனால் 6வது பந்துக்கே காத்திருந்தால் எதிரணித் தலைவர் ஃபீல்டை உள்ளே இழுத்துவிடுவார். சிங்கிள் அடைபடும், அடுத்த ஓவர் முழுக்க டெயில் எண்டர் (கடைசி வரிசை ஆட்டக்காரர்) தலையில். அதனால் 4, 5வது பந்திலேயே ஓடிவிடுவது கோழைத்தனமில்லை. உள்ளே வந்த ஃபீல்டுக்கு மேலே தூக்கி அடிக்கக் கை இருந்தால் மட்டும் 6வதுக்குக் காத்திருக்கலாம். குசலுக்கு இருந்தது.

*

தென்னாப்பிரிக்கா பக்கம் கோட்டை விட்டது எங்கே என்றும் பார்க்கணும். பிலாண்டர் தொடைத்தசைக் காயத்தால் பந்து போட முடியவில்லை. மீதி ஸ்டெய்ன், ரபாடா, ஒலிவியர், சுழலுக்கு மகராஜ். மகராஜ் தனஞ்சயவை 48ல் எல்பிடபிள்யூ எடுத்து 96 ரன் கூட்டணியை உடைத்தார், அடுத்த பந்திலேயே லக்மாலும் போனார். 206க்கு 5 என்றிருந்தது 206க்கு 7. அதுவரை சரி. ஆனால் மகராஜின் இடதுகை சுழல் குசல் போன்ற இடதுகை ஆட்டக்காரருக்கு உள்ளே திரும்பி வரும். சுழலோடு சேர்த்து மிட்விக்கெட் பக்கம் இழுத்து அடிக்க அதைவிட வசதி கிடையாது. விக்கெட் எடுத்துக் கொடுத்த கை, குசலுக்கு எதிரே ஓட்டையாகிவிடும்.

இன்னொன்று, நிலைத்து நிற்பவருக்கு எல்லைக்கோட்டில் ஆட்களை நிரப்பிவிட்டால் பந்துவீச்சாளருக்கே அவரை அவுட் ஆக்கும் எண்ணம் போய்விடும். ஸ்லிப் (கீப்பருக்குப் பக்கத்தில் நிற்பவர்) இல்லாமல் விளிம்பில் பட்ட பந்து ரன்னாகும். டெயில் எண்டருக்குக் கிடைக்கும் ஓரிரு பந்தை ஷார்ட்டாகப் போட்டு வீணாக்குவதும் வழக்கமான தப்பு. குனிந்துவிடுவார், அவ்வளவுதான். ஸ்டம்பை நோக்கி முழு நீளத்தில் போட்டால்தான் அவர் மட்டையை வைத்தே ஆகணும்.

*

11வது ஆட்டக்காரர் பக்கம் இரண்டே வேலை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போவதை விடுவது. மறுமுனையில் நிற்கும்போது பந்து கையை விட்டதும் இரண்டடி முன்னால் வருவது. இரண்டாவதைப் பலர் மறக்கிறார்கள், நெருக்கடியில் ரன் அவுட் வருவது அதனால்தான். டர்பனுக்கு ஆறு மாதம் கழித்து, ஹெடிங்லியில் இங்கிலாந்தின் கடைசி ஜோடியாக ஸ்டோக்ஸோடு நின்று ஜெயித்த லீச் 17 பந்தில் 1 ரன். அங்கே கூட்டணி 76, டர்பனைவிட 2 குறைவு.

நாலாவது இன்னிங்ஸில் ஜெயித்த கடைசி விக்கெட் கூட்டணியில் டர்பனுக்கு முந்தைய சாதனை 57. 1994ல் கராச்சியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக பாகிஸ்தானின் இன்ஸமாமும் முஷ்தாக் அகமதும்.

*

இலக்கு 304ல் நின்றதைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! இரண்டாவது இன்னிங்ஸில் தென்னாப்பிரிக்கா 251க்கு 5. டு பிளெஸ்ஸி 90ல் விஷ்வவிடம் எல்பிடபிள்யூ. அதிலிருந்து 8 ரன்னில் 5 விக்கெட். அறிமுக ஆட்டத்தில் இலங்கையின் எம்புல்தெனிய 66 கொடுத்து 5. விஷ்வ முதல் இன்னிங்ஸில் 62க்கு 4, இரண்டாவதில் 71க்கு 4. தென்னாப்பிரிக்காவின் கடைசி வரிசை இன்னும் 40 சேர்த்திருந்தால் குசல் என்ன செய்தும் பத்தாது. மட்டையால் எடுத்த 6ஐவிட இந்த 8 விக்கெட்தான் என் கணக்கில் விஷ்வவின் பெரிய பங்கு.

*

போர்ட் எலிசபெத்தில் நடந்த அடுத்த டெஸ்டில் இந்தப் பதற்றமெல்லாம் இல்லை. தென்னாப்பிரிக்கா இரண்டாவது இன்னிங்ஸில் 128. இலக்கு 197, 34க்கு 2 போனபின் குசல் மெண்டிஸ் 84, ஓஷத ஃபெர்னாண்டோ 75, இருவரும் கடைசிவரை நின்றார்கள். மூன்றே நாளில் 8 விக்கெட் வெற்றி. தென்னாப்பிரிக்காவில் டெஸ்ட் தொடரை வென்ற முதல் ஆசிய அணி இலங்கை.