மதிலில் காய்ந்த மெத்தை

என் மகனுக்கு எட்டு வயது. போன வருடம் வரை கிழமையில் நாலைந்து நாள் படுக்கை நனையும். விடிந்ததும் மெத்தையை மதிலில் போடுவேன். திருகோணமலை டவுனில் வீடு. ஒழுங்கையில் மேயும் மான்கள் முதல் பக்கத்து வீட்டு மாமி வரை எல்லோருக்கும் சங்கதி தெரியும். மாமி ஒன்றும் கேட்க மாட்டா. "இண்டைக்கு நல்ல வெயில், பிள்ளை" என்பா. அதுதான் கூடச் சுட்டது.

அந்தக் கோபத்தை அவன் மேல் காட்டி ஏசியிருக்கிறேன். அம்மம்மா பத்திரகாளி அம்மன் கோயிலில் நூல் கட்டுவித்தா. இரவு 12 மணிக்குத் தூக்கிக்கொண்டு போனால் கண்ணை மூடியபடியே சலம் விடுவான். காலையில் எதுவும் நினைவிருக்காது.

கிளினிக்கில் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, மலம் ஒழுங்காகப் போகிறானா என்பது. அடுத்தது, பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கிறானா. இரண்டும் இல்லை. அங்கே கழிப்பறை நாறுகிறதென்று தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க அடக்கியிருக்கிறான். பிறகு தாகத்தோடு வந்து, பின்னேரம் முழுக்கத் தண்ணீரும் தேத்தண்ணியும். இறுகிய மலம் சலப்பையை நெரிக்கும் என்பது எனக்குப் புதிது. இரவில் சலத்தைக் குறைக்கும் ஹோர்மோன் சில பிள்ளைகளுக்குப் போதாமல் இருக்குமாம். சலப்பை நிறைந்தாலும் நித்திரை கலையாதாம்.

குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்றார். இவர் விட்டத்தைப் பார்த்தார். "எனக்குப் பதினொரு வயது வரை." கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், ஒரு வார்த்தை சொன்னதில்லை! அன்றிரவு மகனிடமும் சொன்னார். அவன் சிரித்த சிரிப்பு!

இப்போது தண்ணீர் காலையிலும் மதியமும்தான் கூட. பின்னேரம் தேத்தண்ணி இல்லை, தினமும் பப்பாளி, படுக்கமுன் சலம். மூன்று மாதத்தில் கிழமைக்கு ஒரு நாளாகக் குறைந்தது. போதாவிட்டால் நனைந்ததும் ஒலிக்கும் அலாரம், இரவில் சலத்தைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன என்றார் டொக்டர். இன்னும் தேவைப்படவில்லை.

பதில்:
அக்கா, என் மகள் இரண்டு வருடம் நனைக்காமல் இருந்துவிட்டு ஏழு வயதில் திரும்பத் தொடங்கினா. பள்ளிக்கூடம் மாறிய கவலை என்று நினைத்தோம். ஓயாத தாகம், உடம்பும் மெலிந்தது. சோதித்தால் சீனி வருத்தம், இப்போது இன்சுலின் போடுகிறோம். ஆறு மாதமாவது நனைக்காமல் இருந்த பிள்ளை திரும்பத் தொடங்கினால் உடனே சலத்தையும் இரத்தத்தில் சீனியையும் பாருங்கள். நாங்கள் இரண்டு கிழமை வீணாக்கிவிட்டோம்.